மறையூர்க் கல்வீடுகளும் நம் லயங்களும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து மறையூருக்குப் போய், முனியறைகள் என்று சொல்லப்படும் பழைய கல்வீடுகளைப் பார்த்து வந்தோம். வேலை காரணமாகவும் செலவு காரணமாகவும் வர முடியாமல் போனவர்கள் உங்களில் பலர். பார்த்ததையும் அங்கே பேசிக்கொண்டதையும் உங்களிடம் சொல்லும்படி சங்கம் கேட்டுக்கொண்டது.

சில தோழர்கள் முன்னதாகவே ஒரு கேள்வி எழுப்பினார்கள். "கூலி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, வீட்டுப் பிரச்சினை இருக்கிறது. இவற்றைப் பேச வேண்டிய மேடையில் பழங்கல்லைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கற்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வீட்டைப் பற்றித்தான் பேச வேண்டி வருகிறது என்பதே எங்கள் பதில். எப்படி என்று சொல்கிறோம்.

போன வழி

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் மறையூர். பெரியவரை, கன்னிமலை, வாகுவரை, தலையாறு என்று வழி நெடுக எஸ்டேட் பெயர்கள். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றிலும் நம் குடும்பங்களில் யாரோ ஒருவர் கொழுந்து பறித்திருக்கிறார், கவ்வாத்து வெட்டியிருக்கிறார், மருந்து அடித்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அது வெளியூர்ப் பயணம். பெரியவர்களுக்கோ உறவினர் வீடுகளை எண்ணிக்கொண்டு போவது போல் இருந்தது.

ஐந்தாம் மைலில் ராஜமலைக்குப் பாதை பிரிகிறது. அந்தப் பாதையில் மேலே போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, பெருமழையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. நான்கு பேருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. மண்ணிலிருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோரை ராஜமலையிலேயே அருகருகே அடக்கம் செய்தார்கள். அந்தத் திருப்பம் வந்தபோது பேருந்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருகிறோம்.

லக்கம் அருவி தாண்டி, தலையாறு தாண்டிக் கீழே இறங்கினால் தேயிலை முடிந்துவிடுகிறது. குளிரும் குறைகிறது. மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை மலை முகட்டைக் கடந்து இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. அதனால்தான் இங்கே தேயிலை இல்லை, சந்தனம் இருக்கிறது. சாலையின் இருபுறமும் கம்பிவேலிக்குள் சந்தன மரங்கள். கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக நிற்கும் இடம் இதுவே. அதற்கும் கீழே கரும்பு வயல்கள், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரும்பை வெட்டுகிறவர்களிலும், கொப்பரையின் முன் வேகிறவர்களிலும், கைபொறுக்காத சூட்டில் உருண்டை பிடிக்கிறவர்களிலும் எல்லைக்கு அப்பாலிருந்து வேலைக்கு வந்த நம்மவர்கள் உண்டு. குறியீட்டுச் சான்றிதழில் ஊரின் பெயர் இருக்கிறது. கொப்பரை முன் நிற்பவரின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இருப்பதில்லை.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். அங்குள்ள பழங்குடிக் கிராமத்தார் தமிழ் பேசுகிறவர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து தங்கள் முன்னோர்கள் மலையேறி வந்ததாக அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்கும் முன்பிருந்தே காட்டோடு வாழும் முதுவரும் மலைப்புலையரும் அந்த மலைகளில் இருக்கிறார்கள். ஆக, வந்து சேர்ந்தவர்கள் என்று பார்த்தால் நாம் முதல் ஆட்களும் இல்லை, கடைசி ஆட்களும் இல்லை.

கல்வீடுகள்

கோவில்கடவில் பாம்பாற்றின் கரையில் தென்காசிநாதன் கோயில் இருக்கிறது. அதையொட்டிய பாறைமேட்டில் ஏறினால் கல்வீடுகள். மறையூர் உயர்நிலைப்பள்ளிக்குப் பின்னாலுள்ள பாறையிலும் உண்டு. மரமோ மண்ணோ இல்லாத வெறும் பாறை. அதன்மேல் பலகை போன்ற கற்களை நான்கு பக்கமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக் கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. கல்லின் பாரமே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. சில முழுசாக நிற்கின்றன. பல சரிந்து கிடக்கின்றன. சிலவற்றின் மூடியைப் புதையல் தேடியவர்கள் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

முனிவர்கள் தவம் செய்த அறை என்பதால் முனியறை என்கிறார்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் மறைந்திருந்த ஊர் ஆகையால் மறையூர் என்றும் கதை உண்டு. தமிழ்நாட்டிலும் இத்தகைய கற்களுக்குப் பாண்டவர் குழி என்றும் குள்ளர் வீடு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டியவர் யாரென்று மறந்துபோனால் மக்கள் தேவரையும் முனிவரையும் குள்ளரையும் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம். ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. இவை பெருங்கற்காலம் எனப்படும் இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோர்க்காக எழுப்பியவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. கல்திட்டை என்பது இவற்றுக்கு அறிஞர்கள் தரும் பெயர்.

உடலை முதலில் வேறிடத்தில் இட்டுவிட்டு, பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்து இப்படிப்பட்ட அறைகளில் வைப்பதும் அக்காலத்து வழக்கம். கூடவே கறுப்பு சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள். இறந்தவர் பிழைக்கப் போகும் இடத்தில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்ற நினைப்பு. மணிமேகலைக் காப்பியம் இறந்தவரைச் சேர்க்கும் முறைகள் ஐந்தைச் சொல்கிறது. சுடுவது, வெட்டவெளியில் விடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் மூடுவது. புறநானூற்றில் ஒரு பெண் குயவனைக் கூப்பிட்டுத் தன் கணவனுக்குச் செய்யும் தாழியைத் தானும் அடங்குமாறு பெரிதாக வனையச் சொல்கிறாள். அந்தத் தாழியைத்தான் நாம் முதுமக்கள் தாழி என்கிறோம், மலையாளத்தார் நன்னங்காடி என்கிறார்கள். பெயர் இரண்டு, பானை ஒன்று.

இவை மறையூரில் மட்டும் இருப்பவை அல்ல. கிழக்கே பழனி மலைகளில் உள்ள கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேடு, நியூட்டன் என்ற இருவர் 1928-லேயே நூல் எழுதினார்கள். தாண்டிக்குடியில் அகழாய்வும் நடந்தது. பாலக்காட்டுத் தோழர்கள் தங்கள் ஊரில் ஒன்றுமில்லையே என்று எண்ண வேண்டாம். 1955-இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்த மலம்புழை அணையின் நீர்ப்பரப்பில், தீவு போன்ற மேடுகளில், 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களைக் கண்டதாக 2025 ஜூலையில் இந்தியத் தொல்லியல் துறை அறிவித்தது. பூங்காவுக்கும் படகுக்கும் போய்வந்த அணைக்குள்ளேயே அத்தனை கல்லறைகள்.

தூக்கியவர் யார்?

பாறைமேட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூடிக்கல் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், கருங்கல்லின் எடையில் ஏறக்குறைய 1,200 கிலோ வருகிறது. நம் சுமைதூக்கும் தோழர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால் 50 கிலோ மூட்டை 24. அதைக் கிரேன் இல்லாமல், லாரி இல்லாமல், உடையாமல், நிற்கும் நான்கு கல்லும் சாயாமல் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

நம்மோடு வந்தவர்களில் கல்குவாரியில் வேலை பார்த்த தோழர்கள் இருவர் இருந்தார்கள். பாறையின் மேல் நெருப்பு மூட்டிச் சூடேற்றினால் மேல்பாளம் தனியே கிளம்பும், பிறகு நெம்புகோல் போட்டுப் பெயர்க்கலாம் என்று அவர்கள் பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். கல்லின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் பிளந்தது என்று காட்டினார்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் எங்கள் பேச்சைக் காட்டிலும் அவர்கள் பேச்சைத்தான் கேட்டார்கள். அதுவே சரி. கல்லைப் பற்றிக் கல் உடைத்தவர் சொல்வது புத்தகத்துக்குக் குறைந்ததல்ல.

உள்ளே வைக்கப்பட்டவர் தலைவராக இருக்கலாம், வீரராக இருக்கலாம். ஆனால் அந்தப் பலகையை வெட்டியவரும், கயிறு பிடித்தவரும், "ஏலோ" போட்டு இழுத்தவரும் உழைப்பாளிகள். அவர்கள் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது அவர்கள் வேலை மட்டும். அந்த வேலை எத்தனை அரசுகளைப் பார்த்துவிட்டது!

யாருக்குச் சொந்தம்?

இங்கே ஓர் எச்சரிக்கை. பழங்கல்லைக் கண்டதும் "பார்த்தீர்களா, நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்று பேசத் தோன்றும். அப்படிப் பேசும் தமிழரும் உண்டு, மலையாளிகளும் உண்டு. அந்தக் கற்களில் தமிழும் எழுதவில்லை, மலையாளமும் எழுதவில்லை. அவை எல்லைக்கல்லாக நடப்பட்டவை அல்ல.

எல்லை நேற்று வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது திருவிதாங்கூரின் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதற்காக நடந்த போராட்டமும், சிந்திய இரத்தமும் நாம் மறக்கக் கூடியவை அல்ல. ஆனால் அந்தக் கணக்கை மறையூர்க் கல்லின் மேல் எழுதக் கூடாது. பாம்பாறு கேரளத்தில் பிறந்து கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று. அவற்றில் இது ஒன்று. அந்தத் தண்ணீர் சோதனைச் சாவடியில் நின்று போவதில்லை.

உரிமை பழமையிலிருந்து வருவதில்லை, தோழர்களே. பழமைதான் உரிமை என்றால் முதுவர்தானே அந்த மலைகளின் உடைமையாளராக இருந்திருக்க வேண்டும்? நடந்தது என்ன? 1877 ஜூலை 11-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அம்மலைகளில் வாழ்ந்த கண்ணன், தேவன் என்ற இரண்டு தலைவர்களின் பெயரே மலைக்கு வந்தது என்பார்கள். பெயர் அவர்களுடையது, பத்திரம் இன்னொருவருடையது. அன்று முதல் இன்றுவரை அந்த மலைகளின் கதை இதுதான்.

நம் லயம்

இப்போது வீட்டுக்கு வருகிறோம்.

கல்வீட்டின் முன் நின்று ஒரு சிறுமி, "இதில் எத்தனை பேர் குடியிருந்தார்கள்?" என்று கேட்டாள். குடியிருக்கக் கட்டியதல்ல, இறந்தவர்களுக்குக் கட்டியது என்று சொன்னோம். பக்கத்தில் நின்ற, தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாயார் சொன்னார்: "செத்தவங்களுக்கே வீடு கட்டிக் குடுத்திருக்காங்களே. நமக்கு உசிரோட இருக்கும்போதே காலி பண்ணுன்னுல்ல சொல்றாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

நம் பாட்டன்மார் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னால் போடி வழியாக மலையேறினார்கள். காட்டை அழித்தார்கள், குழி வெட்டினார்கள், செடி நட்டார்கள். குடியிருக்க லயம் கொடுக்கப்பட்டது. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை உள்ளவரை கூரை. வேலை முடிந்தால் மூட்டை முடிச்சு. அதனால்தான் பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையைத் தொடர வேண்டியிருக்கிறது. படித்த பிள்ளையையும் அந்தக் கூரை பிடித்து இழுக்கிறது.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தத்தை நாடே புகழ்கிறது. 1970 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் ஊராட்சிப் பகுதிகளில் குடிகிடப்புக்காரர் ஒவ்வொருவரும் 10 சென்ட் வரை தமதாக்கிக்கொள்ள வழி பிறந்தது. பல லட்சம் ஏழைக் குடும்பங்களை நிமிர வைத்த சட்டம் அது. அதை நாமும் மதிக்கிறோம். ஆனால் தோட்ட நிலத்துக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அந்தப் பத்து சென்ட் லயத்தின் வாசலுக்கு வரவில்லை. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் வந்தது. பயிரிடாத நிலத்தை எடுத்து உழவர் மக்களின் நலனுக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஓய்வு பெறும் தொழிலாளி, வாழ்நாளில் பார்த்திராத சொந்த ஊரில் வாடகை வீடு தேடுகிறார்.

பெட்டிமுடியை முன்னே சொன்னோம். மலையடியில் வரிசையாக நின்ற லயத்தில் ஏன் அத்தனை குடும்பங்கள் இருந்தன? வேறிடத்தில் கட்டிக்கொள்ள ஒரு சென்ட் இல்லாததால் இருந்தன. இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவனுக்கு ஆபத்திலிருந்து விலகும் உரிமையும் இல்லை. மறையூர்ப் பாறையில் கல்வீடு கட்டியவர்கள் சரியாத பாறையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு அந்தத் தேர்வும் இல்லை.

கேட்டால் கிடைக்காது என்று சோர்ந்து போகவும் வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் நம் பெண்கள் தெருவில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். போனஸ் 10 சதவீதம் என்று சொல்லப்பட்டிருந்தது. பெரிய தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பொம்பிளை ஒருமை என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 சதவீதம் ஆயிற்று. அடுத்த மாதமே கூலி 301 ரூபாய்க்கு ஏறியது. கேட்ட 500 கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கை என்ன செய்யும் என்று நாடு பார்த்தது.

செய்ய வேண்டியவை

அன்று மாலை திரும்பும் முன் பாறைமேட்டிலேயே உட்கார்ந்து மூன்று காரியங்களைப் பேசி முடிவு செய்தோம். உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அந்தக் கற்களைக் காப்பது. மூடிக்கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதும், பெயர் கிறுக்குவதும், உள்ளே தீ மூட்டுவதும் நாம் செய்யக் கூடாது, செய்பவரைக் கண்டால் சும்மா இருக்கவும் கூடாது. பழஞ்சின்னங்களைக் காக்கக் கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, கல் வெயிலில் இருக்கிறது. இடையில் மக்கள் நிற்க வேண்டும். நாம் போன அன்று பிள்ளைகள் அங்கே கிடந்த பாட்டில்களையும் பிளாஸ்டிக் தாள்களையும் மூன்று சாக்கு நிறையப் பொறுக்கினார்கள். இது நல்ல தொடக்கம்.

இரண்டாவது, நம் பெயர்களை எழுதுவது. பட்டியல் சாதிச் சான்றிதழுக்குப் போகிற பிள்ளையிடம், 1950-க்கு முன்பே உன் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்த ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணையை வைத்துக் கேட்கிற கேள்வி அது. பாட்டன் தேயிலை நட்ட மலை கண் முன்னே நிற்கிறது. ஆனால் மலை சாட்சி சொல்லாது. செக்ரோலில் இருந்த பெயர், பழைய ரேஷன் அட்டை, பள்ளிப் பதிவேடு, ஞானஸ்நானச் சீட்டு, ஓய்வுப் பணக் கடிதம் எதுவானாலும் எறியாதீர்கள். படி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்த எஸ்டேட்டுக்கு, எந்த டிவிஷனில், எங்கே அடக்கம் என்று வயதானவர்களைக் கேட்டு எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும். கல் தூக்கியவர் பெயர் போனது போல் கொழுந்து பறித்தவர் பெயரும் போகக் கூடாது.

மூன்றாவது, வீடு. ஓய்வு பெறும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும், அவர் உழைத்த மாவட்டத்திலேயே, மலை சரியாத இடத்தில், அவர் பெயரிலேயே பட்டாவுடன் நிலமும் வீடும் வேண்டும். கணவன் பெயரில் மட்டும் அல்ல, கொழுந்து பறித்த பெண்ணின் பெயரிலும் வேண்டும். இதைத் தேர்தல் நேரத்துப் பேச்சாக விட்டுவிடாமல், எந்தக் கொடி பிடித்தவரானாலும் நம் வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். மலையாளத் தொழிலாளித் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும். லயம் ஒழுகும்போது அது மொழி பார்த்து ஒழுகுவதில்லை.

தோழர்களே, அடுத்த பயணத்துக்குப் பாலக்காட்டுக் குடும்பங்களும் வர வேண்டும் என்று சங்கம் விரும்புகிறது. தேதி முடிவானதும் இந்த இதழிலேயே அறிவிப்பு வரும். வருகிறவர்கள் கட்டுச்சோற்றோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். பெயர் எழுதத் தொடங்கியவர் எத்தனை பேர் என்று அங்கே எண்ணிப் பார்ப்போம். வீட்டுக்கான மனுவில் அந்தப் பெயர்களே கையெழுத்தாகட்டும்.